ஆறு முதுகுகளும் அறிவழகனும்

“அமிர்தம், நல்லாக் கேட்டுக்க. மாடிப்படி ஏறுனா பாதியிலயே உக்காந்து தண்ணி கேப்பானே உன் தம்பி, அவன்தான் இப்ப கமாண்டோப் படைக்கு வாத்தியாரு! கடலூர் சனம் மொத்தமும் கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாத்தாலும் தெரியாம, அவன் கத்துக்குடுக்கற ஆறு பேரும் பட்டப்பகல்ல போயி கர்னல் முதுகுல பாம் ஒட்டப்போறாங்க!”

சிதம்பரத்திலிருந்து போனில் இப்படிக் கூவியவர் ஓய்வுபெற்ற சுபேதார் தில்லைநாதன். கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டில் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவி அமிர்தம், ஸ்பீக்கரில் போட்டிருந்த போனைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

“என்னாங்க, தொப்பி போடாம வெயில்ல நின்னீங்களா?”

“சத்தியமாச் சொல்றேன்டி.”

“அறிவழகனா? எங்க அறிவழகனா? அவன் தூங்கி எந்திரிச்சா, தூங்குன களைப்பா இருக்குன்னு மறுபடி படுக்கறவனாச்சே!”

“அதான் விசேஷமே!”

அமிர்தம் சிரித்த சிரிப்பில் கெடிலம் ஆற்றில் ஒற்றைக்காலில் நின்ற கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. பக்கத்து வீட்டுத் தமிழ்ச்செல்வி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளும் சிரித்தாள். மத்தியானத்துக்குள் தெருவே சிரித்தது.

சிரிக்க மாட்டார்களா பின்னே? தில்லைநாதனின் வாயிலிருந்தா இப்படி ஒரு பேச்சு! அவர் சாதாரண சுபேதாரா? ராணுவத்தின் சிறப்புப் படையில் முப்பது வருஷம் பயிற்சியாளராக இருந்தவர். வானத்திலிருந்து குதிப்பது, கடலுக்கடியில் நீந்துவது, காட்டில் சோறு தண்ணியில்லாமல் கிடப்பது எல்லாம் அவரிடம் படித்தவர்கள்தான் நாட்டின் நாலு எல்லையிலும் நிற்கிறார்கள். அவர் ஒருதடவை “அட்டென்ஷன்” என்று போட்ட சத்தத்தில், மலைச்சரிவில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் கால்களைச் சேர்த்து நின்றுவிட்டன என்று அவரே சொல்வார். அவர் முதுகை அளவாக வைத்துக் கொத்தனார் சுவர் எழுப்பலாம். ஓய்வுபெற்ற பிறகும், காலையில் அவர் நடக்கப் போனால் மஞ்சக்குப்பத்துத் தெருநாய்கள் குரைப்பதை நிறுத்திவிட்டு ஓரமாக வரிசைகட்டும்.

அப்பேர்ப்பட்டவரைத் தேடித்தான் சில நாளுக்கு முன்னால் மேஜர் சிலம்பரசன் வந்தான். குமராட்சிப் பக்கத்துப் பையன். படையில் சேர்ந்த புதிதில் தில்லைநாதனிடம் பாடுபட்டவன். இப்போது அவனே ஒரு கமாண்டோக் குழுவுக்குத் தலைவன். வந்தவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, “சாப், என் டீமைக் கலைக்கப்போறாங்க” என்றான்.

படையில் சுபேதாரை மேஜரும் ‘சாப்’ என்றுதான் கூப்பிடுவார். அந்தச் சொல்லைக் கேட்டதுமே தில்லைநாதனுக்கு வயசில் பாதி குறைந்துவிட்டது. “எவன் கலைக்கறது?” என்று மீசையை முறுக்கினார்.

விஷயம் இதுதான். கடற்கரைப் பாதுகாப்புக்காக அவ்வப்போது ஒத்திகை நடக்கும். கமாண்டோக்கள் எதிரி மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு ஊருக்குள் கலந்து, குறித்த இடத்துக்குப் போய், ‘பாம்’ என்று எழுதிய சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட வேண்டும். அதற்குள் போலீசும் பொதுமக்களும் அவர்களைப் பிடித்துவிட வேண்டும். சிலம்பரசனும் அவன் ஆட்களும், ஆக ஆறு பேர். ஆறு பேருமே தமிழ் பேசுகிறவர்கள். துப்பாக்கியில்லாமல் ஒரு பட்டாளத்தையே சாய்க்கக் கூடியவர்கள். ஆனால் கடலூரில் ரெண்டுதடவை பிடிபட்டார்கள்.

முதல் தடவை முதுநகர் டீக்கடையில். லுங்கியும் பனியனுமாக, அசல் மீனவர்கள் மாதிரிதான் உட்கார்ந்திருந்தார்கள். ரோட்டில் ஒரு லாரி டயர் டமாரென்று வெடித்தது. கடையிலிருந்த சனமெல்லாம் என்ன ஏதென்று எழுந்து ஓடிப்போய் வேடிக்கை பார்த்தது. இந்த ஆறு பேர் மட்டும் தரையில் குப்புறப் படுத்திருந்தார்கள், டீ கிளாஸில் ஒரு சொட்டுச் சிந்தாமல். டீ மாஸ்டர் எட்டிப் பார்த்து, “அண்ணே, நீங்க கமாண்டோவா?” என்று மரியாதையாகவே கேட்டுவிட்டு போலீசுக்கு போன் போட்டார்.

ரெண்டாம் தடவை ஒரு கல்யாண மண்டபம். பட்டுவேட்டி, நெற்றியில் சந்தனம் எல்லாம் பிரமாதம். மண்டப வாசலில் நூற்றுக்கணக்கான செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்ந்தும் மல்லாந்தும் கிடந்தன. அதற்கு நடுவில் ஆறு ஜோடி மட்டும் நூல் பிடித்தாற்போல் வரிசையாக, ஓடுவதற்கு வசதியாக வெளியே பார்த்துத் திரும்பி நின்றன. மாப்பிள்ளையின் சித்தப்பா அதைப் பார்த்ததுமே பந்திக்கு ஓடினார். பந்தியில் மற்றவர்களுக்கு ரசமே வரவில்லை, இவர்கள் பாயசம் முடித்து இலையை மடித்துவிட்டிருந்தார்கள். அங்கேயே அமுக்கினார்கள்.

“மூணாவது தடவையும் மாட்டினா அவ்ளோதான் சாப். டீமைப் பிரிச்சு ஆளுக்கொரு மூலைக்கு அனுப்பிடுவாங்க. என்னை டெல்லியில ஒரு மேஜைக்குப் பின்னாடி உக்கார வச்சிடுவாங்க. எட்டு வருஷமா ஒண்ணாச் சாப்பிட்டு, ஒண்ணாப் படுத்து, ஒருத்தன ஒருத்தன் தோள்ல தூக்கிட்டு வந்தவங்க நாங்க.” சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் பிசிறியது. தில்லைநாதன் அதைக் கவனிக்காத மாதிரி ஜன்னலைப் பார்த்தார்.

அன்றைக்கு ஆறு பேருக்கும் அமிர்தம் இலை போட்டுப் பரிமாறினாள். உள்ளே குக்கர் விசில் அடித்தது. ஆறு கைகளும் ஒரே நேரத்தில் இடுப்புக்குப் போய்த் திரும்பின. ஆறு வாய்கள் ஒரே நேரத்தில் மென்றன. அமிர்தம் தலையில் அடித்துக்கொண்டாள்.

“இவுங்களப் புடிக்க போலீசு வேற எதுக்கு? மொகத்தப் பாக்கவே வேணாம்ங்க. முதுகப் பாத்தாப் போதும். ஒவ்வொண்ணும் கரண்டு கம்பம் மாதிரி இருக்கு.”

தில்லைநாதன் அன்று சாயங்காலமே தேவனாம்பட்டினம் கடற்கரையில் பயிற்சியை ஆரம்பித்தார். “எல்லாரும் சாதாரணமா நில்லுங்க!” என்று உறுமினார். ஆறு பேரும் அடுத்த நொடியே, ஒரே அசைவில், சாதாரணமாக நின்றார்கள். பஜ்ஜி தின்றுகொண்டிருந்த ஒரு குடும்பம் கைதட்டியது. “இன்னும் தொளதொளன்னு!” என்றார். ஆறு தோள்களும் ஒன்றாக ஒரு அங்குலம் இறங்கின. பாவம், அதற்குமேல் இறங்க அந்தத் தோள்களுக்கு வழி தெரியவில்லை. தெரியாமல் பார்த்துக்கொண்டதே அவர்தானே!

கடலூரில் இவர்கள் முகம் பரவிவிடும் என்று பயந்துதான் அவர்களைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போனார். அண்ணாமலை நகரில் அமிர்தத்தின் தம்பி அறிவழகன் ஒரு லாட்ஜ் வைத்திருந்தான். அவன் வைத்திருந்தான் என்பதைவிட, லாட்ஜ் அவனை வைத்திருந்தது என்பதுதான் சரி. அப்பா கட்டிவிட்டுப் போனது. மாணவர்கள் வருவார்கள், படிப்பார்கள், பாஸாவார்கள், போவார்கள். அறிவழகன் வாசலில் சாய்வுநாற்காலியில் கிடப்பான். அவன் எழுந்து நின்று பார்த்த மாணவன் யாருமில்லை. சில பேட்சுகள், அவனுக்குக் கால் உண்டு என்பதே தெரியாமல் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டன.

ஆறு பேரும் ஆட்டோவிலிருந்து இறங்கியதைப் பார்த்து அறிவழகன் ஒரு கண்ணைத் திறந்தான்.

“மாமா, யாரு இவுங்க? எறங்கறதே ஹெலிகாப்டர்லேருந்து எறங்கறாப்ல இருக்கு.”

“படிக்க வந்த பசங்க மச்சான். போட்டித் தேர்வு.”

“படிக்க வந்தவனா? படிக்க வந்தவன் வந்ததும் ஃபேன் ஓடுதான்னு கேப்பான். இவுங்க வந்ததும் பின்வாசல் எங்கன்னு பாக்கறாங்க.”

தில்லைநாதனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முப்பது வருஷ சர்வீஸில் ஒரு எதிரிகூட இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்ததில்லை. அதுவும் ஒரு கண்ணால்! வேறு வழியில்லாமல் மச்சானிடம் உண்மையைச் சொன்னார். அறிவழகன் ரெண்டாவது கண்ணையும் திறந்தான். அதுவே அந்தத் தெருவில் ஒரு செய்தி.

“இங்க வா தம்பி” என்று ஹவில்தார் நாசரைக் கூப்பிட்டான். பரங்கிப்பேட்டைக்காரன் நாசர், குழுவிலேயே விறைப்பான ஆள். பதுங்கிப் படுத்தால் மூன்று நாளைக்கு இமைகூட அசையாது என்று பெயர். “இந்தத் திண்டுமேல உக்காரு. சும்மா உக்காரு.”

நாசர் உட்கார்ந்தான்.

“இது சும்மா இல்லையே. நீ எதுக்கோ காத்துக்கிட்டு உக்காந்திருக்க. நாங்கல்லாம் எதுக்கும் காத்துக்கிட்டு உக்காரதில்ல.”

நாசர் மறுபடி முயன்றான். கொஞ்ச நேரத்தில் அவன் நெற்றியில் வியர்வை பூத்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கை நடுங்கியது. பனிமலையில் நடுங்காத கை! “சாப், முடியல” என்று எழுந்துவிட்டான். “யாரைச் சுடணும், எப்பச் சுடணும்னு சொல்லாம எப்படி சாப் உக்காரது?” மற்ற ஐந்து பேரும் திகைத்துப்போய் அவனைப் பார்த்தார்கள். சிலம்பரசன் நிமிர்ந்த முதுகோடு அறிவழகனின் முன்னால் போய் நின்றான்.

“சார், எங்களுக்கு நீங்கதான் சொல்லிக்குடுக்கணும்.”

“எனக்கு நடக்கல்லாம் முடியாதுப்பா.”

“நடக்கவே வேணாம் சார்.”

“அப்ப சரி.”

இப்படித்தான் அறிவழகன் வாத்தியாரானான். தில்லைநாதன் சந்தோஷத்தில் குதித்துப்போய்ப் பொண்டாட்டிக்கு போன் போட்டது அன்றைக்குத்தான். அந்தச் சந்தோஷம் ரெண்டு நாளைக்குமேல் நிலைக்கவில்லை.

வகுப்பு பத்து மணிக்கு என்றான் அறிவழகன். ஆறு பேரும் சரியாகப் பத்துக்கு வந்து நின்றார்கள். திருப்பி அனுப்பினான். “பத்துன்னா அது பத்தா? ஆளுக்கொரு நேரத்துக்கு வரணும். வந்து ஒரு காரணம் சொல்லணும். காரணம் பொய்யா இருக்கணும், ஆனா யாருக்கும் கெடுதல் இருக்கக் கூடாது.” மறுநாள் ஒருவன் பல்வலி என்றான், ஒருவன் பைக்கில் பெட்ரோல் இல்லை என்றான். பதினொன்றரைக்கு வந்த நாசர், காரணமே சொல்லாமல் “டீ குடிச்சீங்களாண்ணே?” என்று கேட்டான். அறிவழகன் கண் கலங்கி, “இவன் தேறிடுவான்” என்றான்.

பிறகு சேத்தியாத்தோப்பு சந்தை. கத்தரிக்காயை அமுக்கிப் பார்க்க வேண்டும், சொத்தை என்று சொல்ல வேண்டும், அரைமணி நேரம் பேரம் பேச வேண்டும், கடைசியில் வாங்காமல் வர வேண்டும். முதல் நாள் நாலு பேர் கத்தரிக்காய் மூட்டையோடு திரும்பினார்கள். கடைக்காரம்மா முறைத்தாளாம், பயந்து வாங்கிவிட்டார்களாம்! விமானத்திலிருந்து குதிக்கிற ஆட்கள்! அதற்கப்புறம் குமராட்சி மினிபஸ். உள்ளே இடம் கிடக்கப் படியிலேயே நின்று எல்லாருக்கும் வழியை மறிக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் அவர் கேட்காமலேயே தன் வியாதியைச் சொல்ல வேண்டும்.

“மனுசன் மனுசன நம்பறது அதுலதான். உன் பேர் ஊரு கேட்டுச் சந்தேகப்படுவான். உன் சுகர் எவ்ளோன்னு சொல்லு, அவன் தன்னோட சுகரைச் சொல்லுவான். அதுக்கப்புறம் நீ அவனுக்குச் சொந்தக்காரன்” என்றான் அறிவழகன், வாழைக்காய் பஜ்ஜியை மென்றபடி.

தில்லைநாதனுக்கு இதெல்லாம் பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒருநாள் நாசர், சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டு, ஒரு காலை எதிர்ப்பெஞ்சில் நீட்டி, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தான்.

“எந்திரிடா!” என்று கத்தினார்.

பழைய நாசராக இருந்தால் அந்தச் சத்தத்துக்குக் கூரையைத் தொட்டிருப்பான். இந்த நாசர் ஒருக்களித்துப் படுத்து, “அஞ்சு நிமிசம் சாப்” என்றான்.

தில்லைநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.  நேராக மச்சானிடம் போய், “போதும் அறிவழகா! முப்பது வருசம் நான் நிமித்தி வச்சதை நீ பத்து நாள்ல கூனாக்கறியே, இவனுங்க நாளைக்கு எல்லையில போய் இப்படிப் படுத்தா என்னா ஆவறது?” என்று எகிறினார்.

பதில் சொன்னது சிலம்பரசன். முகத்தில் பல நாள் தாடி, அதில் பாதிக்கு நரைபோல வெள்ளைச்சாயம். “சாப், நிமிர எங்களுக்குத் தெரியும். நீங்க சொல்லிக்குடுத்தது எலும்புல இருக்கு, அது போகாது. கூனத்தான் தெரியல. அது தெரியாததாலதான் இந்த டீம் போகப்போகுது.”

தில்லைநாதன் தன் பையை எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் தனியாக பஸ் பிடித்துக் கடலூர் வந்து சேர்ந்தார்.

வீட்டில் இன்னொரு அதிர்ச்சி காத்திருந்தது. அமிர்தம் போலீஸ் பக்கம் சேர்ந்துவிட்டாள்! ஒத்திகைக்குப் பொதுமக்கள் உதவலாம் என்று அறிவிப்பு வந்ததாம். நேராக இன்ஸ்பெக்டரிடம் போய், “அந்த ஆறு பேருக்கும் என் கையால சோறு போட்டிருக்கேன். ஒத்திகை நடக்கற பங்களா வாசல்ல எனக்கு ஒரு நாற்காலி போடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டாளாம்.

“ஏண்டி, அந்தப் பசங்க பொழப்பு போயிடும்டி!”

“போவக்கூடாதுன்னா ஒழுங்கா ஒரு வாத்தியாரப் புடிச்சிருக்கணும். எந்தம்பிய எனக்குப் பொறந்ததுலேருந்து தெரியும். அவன் ஒருத்தனுக்குக் கத்துக்குடுத்து அவன் ஜெயிச்சான்னா, நான் இந்தத் தெருவுல தலைகீழா நடக்கறேன். எல்லார் கிட்டயும் சொல்லியாச்சு.”

ஒத்திகை நாளன்று கடற்கரைச் சாலையில் அந்தப் பழைய பங்களா வாசலில் திருவிழாக் கூட்டம். உள்ளே, ஒத்திகையை நடத்தும் கர்னல் உட்கார்ந்திருந்தார். கோயம்புத்தூர்க்காரர், நிதானமான மனுஷன். அவர் முதுகில் ஸ்டிக்கர் ஒட்டினால் சிலம்பரசனின் குழுவுக்கு வெற்றி. ஒரு நிபந்தனை மட்டும் போட்டிருந்தார்: “சுவர் ஏறிக் குதிக்கறது உங்களுக்குத் தெரியும். அது செல்லாது. வாசல் வழியா, சனத்தோட சனமா உள்ள வரணும்.”

வாசலில் போலீஸ். அவர்களுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் அமிர்தம். அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு தில்லைநாதன். “நீங்க எந்தப் பக்கம் சார்?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, “நான் குடைப்பக்கம்” என்றார். எந்த ஜாடையும் காட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்துதான் நின்றார். ஜாடை காட்ட அவருக்கே யாரும் கண்ணில் படவில்லை என்பது வேறு விஷயம். அறிவழகன் ரோட்டுக்கு எதிரே ஆட்டோவின் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான்.

அமிர்தம் முதுகு முதுகாகப் பார்த்தாள். முதல் ஒரு மணி நேரத்தில் மூன்று பேரைப் பிடித்துக் கொடுத்தாள். ஒருவர் ஜிம் வாத்தியார். ஒருவர் புதிதாக வேலைக்கு வந்த தாசில்தார். மூன்றாமவர் கழுத்துவலிக்குப் பட்டை போட்டிருந்த கல்யாண போட்டோகிராபர். மூவரும் கோபமாகப் போனார்கள். பைக்கை எங்கே நிறுத்துவது என்று ஒருவன் கான்ஸ்டபிளோடு மல்லுக்கு நின்றான். நெல்லிக்குப்பம் பஸ் எங்கே நிற்கும் என்று ஒருவன் கேட்டான், சொன்ன திசைக்கு எதிராகப் போனான், திரும்பி வந்து மறுபடி கேட்டான். அமிர்தம் அவனை விரட்டினாள். தில்லைநாதனின் காலடியில், அவர் பேப்பரையே வாங்கித் தலைக்கு வைத்து ஒருவன் துண்டால் முகத்தை மூடிக் குறட்டை விட்டான். “தள்ளிப் படுய்யா” என்று அவரே ஒருதடவை காலால் நகர்த்தினார்.

அப்புறம் ஒரு ஆள் வந்து அமிர்தத்தின் பக்கத்தில் தரையில் குந்தினான். தொந்தி, கூன் முதுகு, காதில் கயிறு கட்டின கண்ணாடி, கையில் ஸ்கேன் எடுத்த பெரிய கவர். “யக்கா, வெயிலு ஜாஸ்தி” என்றான். அமிர்தம் “ம்” என்றாள். “எம்பொண்டாட்டிக்குத் தைராய்டுக்கா” என்றான்.

“எத்தினி வருசமா?” என்று திரும்பினாள் அமிர்தம்.

அவ்வளவுதான். தைராய்டிலிருந்து முழங்கால்வலிக்கும், முழங்காலிலிருந்து அவன் மாமியாருக்கும், மாமியாரிலிருந்து அமிர்தத்தின் மாமியாருக்கும் பேச்சு போயிற்று. தில்லைநாதனின் அம்மா நாற்பது வருஷத்துக்கு முன் மருமகள் வைத்த குழம்பில் வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டதைப் பற்றிக்கூட அமிர்தம் அவனிடம் சொன்னாள். குடை பிடித்த கை வலிக்கத் தில்லைநாதன் பல்லைக் கடித்தார். அவன் ‘அடப்பாவமே’ என்றும் ‘அப்பறம்க்கா?’ என்றும் சரியான இடத்தில் சொன்னான். நடுவில் திடுதிப்பென்று நெளிந்தான்.

“யக்கா, எனக்கும் சுகரு. அவசரமா வருது. இங்க எங்கனா கக்கூஸ் இருக்கா?”

“அடக் கடவுளே! வா” என்று எழுந்தாள் அமிர்தம். மறுபடி கிளம்பிய பைக் சண்டையைப் பார்க்க மற்ற போலீசும் கூட்டமும் போயிருக்க, வாசலில் தனியாக நின்ற கான்ஸ்டபிள் மறித்தான்.

“உள்ள யாரையும் விடக்கூடாதும்மா.”

“ஏம்ப்பா, நீ மனுசனா? சுகர் வந்தவன் ரோட்டுல ஒதுங்குவானா? உங்கப்பனுக்கு சுகர் இல்லியா?”

“இருக்கும்மா, ஆனா...”

“அப்ப வழிய விடு!” தைராய்டுக்காரன் கையைப் பிடித்து இழுத்து உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு, பெருமையாகத் திரும்பிவந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். “இரக்கமே இல்லாத சனம்ங்க” என்றாள் புருஷனிடம்.

அந்தப் பேச்சு முடிவதற்குள் உள்ளே விசில் அடித்தது. எல்லாரும் ஓடினார்கள். ஹால் நடுவில் கர்னல் பேப்பர் படித்தபடியே நின்றுகொண்டிருந்தார். முதுகில் சிவப்பு ஸ்டிக்கர். அவர் பின்னால் தைராய்டுக்காரன். அவன் கண்ணாடியைக் கழற்றினான். வயிற்றை உள்ளே இழுத்தான். முதுகு ஒவ்வொரு எலும்பாக நிமிர்ந்தது. தில்லைநாதனின் கையிலிருந்து குடை விழுந்தது. ஒரு காலத்தில் அவரே தட்டித் தட்டி நிமிர்த்திய முதுகு! இத்தனை நேரம் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தது, அவருக்கே தெரியவில்லை.

“சிலம்பரசா...” என்றார். 

அவருக்குப் பின்னால் யாரோ கொட்டாவி விட்டார்கள். பேப்பரைத் தலைக்கு வைத்துக் குறட்டை விட்டவன், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். நாசர். “சாப், நல்லா ஒதைச்சீங்க” என்றான். நெல்லிக்குப்பம் ஆளும் பைக் சண்டைக்காரனும் மற்ற ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். அமிர்தம் ஆறு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பேயறைந்த மாதிரி நின்றாள்.

“உன் பொண்டாட்டி தைராய்டு?” என்றாள் சிலம்பரசனிடம், மெதுவாக.

“எனக்கு இன்னும் கல்யாணம் ஆவலக்கா.”

தமிழ்ச்செல்வியும் தெருக்காரப் பெண்களும் வாசலில் குவிந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் முன்னால் வந்தார். அவருக்கு முகம் வெளிறியிருந்தது. “சார், இது செல்லாது. வாசல் வழியா ஒரு ஈ காக்கா உள்ள போகல. பின்பக்கமா சுவர் ஏறித்தான் வந்திருக்காங்க” என்றார். கேமராவைப் பார்க்கலாம் என்றால் காலையிலிருந்து கரண்டு இல்லை. கர்னல் கான்ஸ்டபிளைக் கேட்டார். அந்தப் பையன் எச்சிலை விழுங்கி, ஓரக்கண்ணால் அமிர்தத்தைப் பார்த்து, “யாரும் வரல சார்” என்றான்.

கர்னல் சிலம்பரசனைப் பார்த்தார். “நீங்க வாசல் வழியா வந்ததுக்கு யாராவது சாட்சி இருக்காங்களா மேஜர்? இல்லைன்னா இதைத் தோல்வின்னுதான் நான் எடுத்துக்கணும். டீமைக் கலைக்கறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல.”

 சிலம்பரசன் அமிர்தத்தின் பக்கம் திரும்பவே இல்லை. நேராக எதிரே பார்த்துக்கொண்டு நின்றான். மற்ற ஐந்து பேரும் அவனையொட்டி வந்து நின்றார்கள். பத்து நாளில் கற்ற கூனெல்லாம் போய், ஆறு முதுகுகளும் பழையபடி கம்பமாக நின்றன. நாசரின் கை மட்டும் சிலம்பரசனின் சட்டையை ஓரமாகப் பிடித்திருந்தது.

தில்லைநாதன் வாயைத் திறந்தார். அவர் சொல் செல்லாது. அவர்கள் பக்கத்து ஆள் என்று எல்லாருக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டு மனைவியைப் பார்த்தார். அவள் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டுக்குப் போய்விடலாம். யாருக்கும் தெரியாது. தெருவில் தலை நிமிர்ந்து நடக்கலாம், தம்பியைப் பற்றி இன்னும் இருபது வருஷத்துக்குச் சிரிக்கலாம். 

“அமிர்தம் மாமி, நீங்கதான காலையிலேருந்து வாசல்லயே இருந்தீங்க, யாரும் போகலைதான?” என்றாள் தமிழ்ச்செல்வி.

அமிர்தம் புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். கான்ஸ்டபிளைப் பார்த்தாள். “அந்தத் தம்பி மேல தப்பு இல்லங்க” என்று ஆரம்பித்தாள்.  

“அவன் நல்லா மறிச்சான். நான்தான் சண்ட போட்டேன். நான்தான் இவரு கையப் புடிச்சு வாசல் வழியா உள்ள கூட்டியாந்தேன். ஒரு மணி நேரமா எம்மாமியார் கதையெல்லாம் சொல்லிருக்கேன், மொகத்த நேராப் பாத்திருக்கேன், தெரியலைங்க. சுத்தமாத் தெரியல.”

கர்னல் பேப்பரை மடித்தார்.

“இதையெல்லாம் யாரு இவுங்களுக்குக் கத்துக்குடுத்தது?” என்றார் கர்னல்.

அமிர்தம் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தாள். ஆட்டோவின் பின்சீட்டிலிருந்து ரெண்டு பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

“எந்தம்பிதாங்க” என்றாள். “யாரு வந்து சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். ஆனா நடந்துச்சு. அறிவழகன்தான் கத்துக்குடுத்தான், என் கண்ணு முன்னாலயே நடந்துச்சு.”